மிதந்து வந்ததெல்லாம் இந்தியா

1476 ஆகஸ்ட் மாதம். போர்ச்சுகலின் தென்மேற்கு மூலையில் நடுக்கடலில் ஒரு சண்டை. கப்பல்கள் தீப்பிடித்து எரிகின்றன. இருபத்தைந்து வயதை ஒட்டிய மாலுமி ஒருவர் தண்ணீரில் குதிக்கிறார். அவர் மகன் பின்னாளில் எழுதியபடி பார்த்தால் கரை பத்து கிலோமீட்டருக்கு மேல். (அப்பாவைப் பற்றி மகன் எழுதும்போது தூரம் கொஞ்சம் கூடத்தான் செய்யும், விட்டுவிடுங்கள்.) கையில் சிக்கியது மிதந்துகொண்டிருந்த ஒரு துடுப்பு. அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நீந்தி, கொஞ்சம் மிதந்து, லாகோஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் கரையேறினார்.

அந்த ஆளை உங்களுக்குத் தெரியும். ஸ்கூல் பாடத்திலிருந்தே தெரியும். கிறிஸ்டோபர் கொலம்பஸ். இந்தியாவைத் தேடிப் போய் அமெரிக்காவைக் கண்டவர் என்று ஒரே வரியில் படித்து, ஒரு மார்க் வாங்கி, மறந்தும் போயிருப்பீர்கள்.

நம்ம இதழில் கொலம்பஸ் எதற்கு என்று கேட்கலாம். ரெண்டு காரணம். அவர் தேடிய இந்தியாவில் நம்ம குமரியும் சேர்த்தி. அவர் ஓரங்களில் குறிப்பெழுதிய மார்க்கோ போலோ புத்தகம் ஸ்பெயினின் செவில் நகரில் இன்றும் பத்திரமாக இருக்கிறது. அந்த நூலில் கொமாரி என்ற பெயரில் கன்னியாகுமரிக்கே தனி அத்தியாயம் உண்டு. இங்கிருந்து முப்பது மைல் கடலுக்குள் போனால் துருவ நட்சத்திரம் தண்ணீருக்கு மேல் ஒரு முழம் உயரத்தில் தெரியும் என்று எழுதியிருக்கிறார் மார்க்கோ போலோ.

இரண்டாவது காரணம் உங்கள் கண்ணால் பார்த்தது. 2025 மே 25 அன்று கொச்சிக்கு வெளியே எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் மூழ்கியது. சில நாளில் நம்ம மாவட்டக் கரையில் வெள்ளை வெள்ளையாய் பிளாஸ்டிக் மணிகள் ஒதுங்கின. பருவமழைக் காலத்தில் மேற்குக் கரையின் நீரோட்டம், அதாவது நம்ம கடற்கரைக்காரங்க நீவாடு என்று சொல்வது, தெற்கு நோக்கி ஓடும். எங்கேயோ நடந்ததை அது நம்ம வாசலில் கொண்டுவந்து போட்டது. கொலம்பஸ் வாழ்க்கையும் இப்படி வந்து ஒதுங்கிய பொருள்களால் ஆனதுதான். அவற்றைப் பார்த்து அவர் என்ன முடிவுக்கு வந்தார் என்பதுதான் நம்ம கதை.

பிறந்தது 1451-ல், இத்தாலியின் ஜெனோவாவில். அப்பா கம்பளி நெசவாளி. பெரிய படிப்பெல்லாம் கிடையாது. சின்ன வயசிலேயே கடலுக்குப் போய்விட்டார். துடுப்போடு கரையேறிய பிறகு லிஸ்பனில் தங்கினார். அங்கே தம்பி பார்த்தலோமியோவுக்குக் கடல் வரைபடம் வரையும் வேலை. 1477 வாக்கில் வடக்கே அயர்லாந்து வரை போய் வந்தார். அங்கே கால்வே என்ற துறைமுகத்தில் பார்த்த ஒரு காட்சியை ஒரு புத்தக ஓரத்தில் லத்தீனில் குறித்து வைத்திருக்கிறார். இரண்டு மரக்கட்டைகளில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் அடித்து வரப்பட்டிருந்தார்களாம். யாரும் அதுவரை பார்த்திராத உருவமாம். உயிரோடா பிணமாகவா என்று அந்தக் குறிப்பு தெளிவாகச் சொல்லவில்லை. வடதுருவப் பக்கத்து மக்களாக இருக்கலாம் என்பது பிற்கால ஊகம். ஆனால் கொலம்பஸ் ஊகிக்கவே இல்லை. அவர்கள் கத்தாய் நாட்டுக்காரர்கள், அதாவது சீனர்கள் என்றே எழுதிவிட்டார்.

இந்த ஒரு குறிப்பிலேயே முழு ஆளும் தெரிகிறார், இல்லையா?

பிறகு கல்யாணம். மனைவி பிலிப்பா, மடெய்ராவுக்குப் பக்கத்திலுள்ள போர்ட்டோ சாண்டோ தீவின் அதிகாரியாக இருந்தவரின் மகள். மாமனார் அப்போது உயிரோடு இல்லை. அட்லாண்டிக் நடுவே இருக்கும் இந்தத் தீவுகளில்தான் கதைகள் கிடைத்தன. போர்ச்சுகலிலிருந்து 450 லீக் மேற்கே போன மார்ட்டின் விசென்டே என்ற மாலுமி, தண்ணீரில் மிதந்த ஒரு செதுக்கு மரத்தை எடுத்திருந்தார். செதுக்கியிருக்கிறது, ஆனால் இரும்பு உளி பட்ட அடையாளம் இல்லை. மனைவியின் அக்காளோ தங்கையோ கட்டிக்கொண்ட பெட்ரோ கொரேயாவும் போர்ட்டோ சாண்டோ கரையில் அதேபோல ஒன்றைப் பார்த்திருந்தார். கூடவே மூங்கில் மாதிரி தடித்த நாணல்கள். ஒரு கணுவுக்கும் அடுத்த கணுவுக்கும் நடுவே பல குப்பி ஒயின் பிடிக்குமாம். அசோர்ஸ் தீவுகளில் அந்த ஊரில் வளராத பைன் மரங்கள் ஒதுங்கின. அங்கே ஃப்ளோரஸ் தீவில் ஒருமுறை இரண்டு பிணங்கள் ஒதுங்கின. அகலமான முகம், ஐரோப்பியச் சாயலே இல்லை.

நீங்கள் அந்தக் கரையில் நின்றிருந்தால் பயந்திருப்பீர்கள். கொலம்பஸ் சந்தோஷப்பட்டார். தடித்த நாணல் இந்தியாவில் வளரும் என்று தாலமி எழுதியிருக்கிறார், ஆகவே இது இந்திய நாணல். அகல முகம் என்றால் ஆசியர். மேற்குக் காற்று வீசும்போது ஒதுங்குகிறது என்றால் ஆசியா மேற்கே, அதுவும் பக்கத்தில் இருக்கிறது.

பாதி சரி என்பதுதான் இதில் சங்கடம். பொருள்கள் மேற்கிலிருந்துதான் வந்தன. கரீபியக் கடல் பக்கமிருந்து கிளம்பும் வளைகுடா நீரோட்டம் அமெரிக்கக் கரையோரம் வடக்கே ஏறி, அட்லாண்டிக்கைக் கடந்து, ஒரு கிளை அயர்லாந்துக்கும் ஒரு கிளை அசோர்ஸ் பக்கமும் போகிறது. வெப்பமண்டலக் கொடியின் பெரிய விதை ஒன்று இன்றும் அசோர்ஸ் கரையில் ஒதுங்குகிறது. அதற்கு அங்கே கொலம்பஸ் அவரை என்றே பெயர். (அதன் நெருங்கிய உறவுக்கொடி நம்ம மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டிலும் உண்டு.) சாட்சி பொய் சொல்லவில்லை. நடுவே யாரும் கேள்விப்படாத ஒரு கண்டம் இருக்கலாம் என்ற கேள்விதான் அவர் மனசில் எழவில்லை.

அடுத்தது கணக்கு. இது நம்ம துறை, கொஞ்சம் நிற்போம். பூமி உருண்டை என்று அன்றைய படித்தவர்கள் எல்லாருக்குமே தெரியும். தட்டை என்று நினைத்தவர்களோடு கொலம்பஸ் சண்டை போட்டார் என்பது பிற்காலக் கட்டுக்கதை. சண்டை அளவு பற்றியது. அல் ஃபர்கானி என்ற 9-ம் நூற்றாண்டு அறிஞர் ஒரு பாகைக்கு 56⅔ மைல் என்று சொல்லியிருந்தார். அவர் சொன்னது அரபு மைல். கொலம்பஸ் அதைச் சுமார் 1,480 மீட்டர் கொண்ட இத்தாலிய மைல் என்று எடுத்துக்கொண்டார். பெருக்கிப் பாருங்கள். ஒரு பாகை 111 கிலோமீட்டருக்குப் பதில் 84 கிலோமீட்டர் ஆகிவிடும். பூமியின் சுற்றளவு 40,000-லிருந்து 30,000 கிலோமீட்டருக்குச் சுருங்கிவிடும். போதாததற்கு ஆசியாவைக் கிழக்கே இழுத்து நீட்டிக்கொண்டார். கடைசியில் கேனரி தீவிலிருந்து ஜப்பான் சுமார் 4,400 கிலோமீட்டர் என்று வந்தது. உண்மையில் 19,000-க்கும் மேல். யூனிட் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு 1999-ல் செவ்வாயில் தொலைந்த நாசா விண்கலத்தை உதாரணம் சொல்வார்கள் நம்ம சார்மார். கொலம்பஸ் அதற்கு ஐந்நூறு வருஷம் சீனியர்.

போர்ச்சுகல் அரசரின் நிபுணர்கள் மறுத்தார்கள். ஸ்பெயினிலும் ஒரு குழு வருஷக்கணக்காக ஆராய்ந்து மறுத்தது. அவர்கள் கணக்குதான் சரி. இருந்தும் 1492-ல் அரசி இசபெல்லாவும் அரசர் ஃபெர்டினாண்டும் சம்மதித்தார்கள். ஆகஸ்ட் 3 அன்று பாலோஸ் துறைமுகத்திலிருந்து மூன்று கப்பல், சுமார் 90 பேர். செப்டம்பர் 6 அன்று கேனரி தீவுகளை விட்டார்கள்.

இனிமேல் நடந்ததைக் கப்பலில் இருந்த சாதாரண மாலுமியின் இடத்தில் நின்று பாருங்கள். செப்டம்பர் 9-ல் கரை மறைகிறது. 11-ம் தேதி தண்ணீரில் ஒரு பெரிய பாய்மரத் துண்டு. 120 டன் கப்பலுடையதாக இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். அதை எடுக்கப் பார்த்து முடியவில்லை. யாருடைய கப்பல்? அதில் இருந்தவர்கள் எங்கே? நமக்கு முன்னாலும் யாரோ இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள், திரும்பவில்லை, அவ்வளவுதான் அந்தக் கட்டை சொல்லும் செய்தி. 2017-ல் ஒகி புயலுக்குப் பிந்தைய நாட்களில், கவிழ்ந்து மிதக்கும் படகு பற்றி வந்த ஒவ்வொரு தகவலும் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கம் எத்தனை வீடுகளை உறைய வைத்தது என்று நம்ம மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மிதக்கும் மரம் என்பது காத்திருக்கிறவர்களுக்கு வெறும் மரம் இல்லை.

16-ம் தேதி முதல் கொத்துக் கொத்தாகப் பாசி. 17-ம் தேதி பாசியில் உயிரோடு ஒரு நண்டு கிடைக்க, கொலம்பஸ் அதை எடுத்து வைத்துக்கொண்டார். கரை பக்கத்தில் என்பதற்கு அடையாளமாம். 21-ம் தேதி கடலே தயிர் உறைந்ததுபோல் பாசி மூடிக் கிடந்தது. மாலுமிகளுக்கு வேறு பயம். பாசி இருந்தால் அடியில் பாறை இருக்கும், கப்பல் தட்டும். இல்லையென்றால் சிக்கிக்கொண்டு நகரவே முடியாது. ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டி 200 பாகம் வரை இறக்கினார்கள். தரை தட்டவில்லை.

இருவர் ஊகமும் தப்பு. அது சர்காசோ கடல். சுற்றிலும் நீரோட்டங்கள் வட்டமாகச் சுழல, நடுவே ஒதுங்கிக் கிடக்கும் இந்தப் பாசிக்குப் பாறையும் வேண்டாம் தரையும் வேண்டாம். திராட்சை மாதிரி சின்னக் காற்றுப்பைகள் அதைத் தாங்கி மிதக்க வைக்கின்றன. நண்டும் அந்தப் பாசியிலேயே பிறந்து அந்தப் பாசியிலேயே சாகிற ஜாதி. நம்ம ஆழ்கடல் மீனவர்களைக் கேட்டால், மிதக்கிற கட்டையைக் கண்டால் அடியில் மீன் கூடியிருக்கும் என்பார்கள், அதற்கு மேல் அதிலிருந்து எதையும் இழுக்க மாட்டார்கள். கொலம்பஸுக்கு அந்த அடக்கம் கிடையாது.

இதற்கு நடுவே இன்னொரு வேலையும் செய்தார். தினமும் கடந்த தூரத்தை மாலுமிகளுக்குக் குறைத்தே சொன்னார், பயப்படக் கூடாது என்று. அக்டோபர் 10-ல் அவர்கள் பொறுமை முடிந்தது. திரும்பிப் போகலாம் என்று முணுமுணுப்பு முற்றியது. மறுநாள் 11-ம் தேதி தண்ணீர் மறுபடி பேசியது. அவர் இருந்த சாண்டா மரியாவுக்குப் பக்கத்தில் ஒரு பச்சை நாணல். பின்டா கப்பல்காரர்கள் ஒரு குச்சியையும் ஒரு சின்னப் பலகையையும் நிலத்துச் செடியையும் எடுத்தார்கள். குச்சி இரும்பால் செதுக்கியது மாதிரி இருந்தது. நீன்யா கப்பலுக்கு ஒரு சிறு கிளை கிடைத்தது. அதில் என்ன இருந்தது என்பதில் ஒரு வேடிக்கை. மூலத்தில் உள்ள ஸ்பானிஷ் சொல்லுக்குக் காட்டு ரோஜாப் பழம் என்றும் பொருள், கட்டையில் ஒட்டி வளரும் பர்னக்கிள் என்றும் பொருள். பழம் என்றால் கரை பக்கம். பர்னக்கிள் என்றால் அந்தக் கிளை மாதக்கணக்கில் கடலில் கிடந்திருக்கலாம். அன்றைக்கு எல்லாருமே அதைக் கரை என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். இந்த முறை சரியாகிவிட்டது. அன்று இரவு, 12-ம் தேதி அதிகாலை இரண்டு மணிக்கு, பின்டாவிலிருந்து ரொட்ரிகோ என்ற மாலுமி நிலத்தைப் பார்த்தார். பஹாமாஸ் தீவுகளில் ஒன்று. அங்கிருந்த மக்களுக்கு இந்தியர் என்று பெயர் வைத்தார் கொலம்பஸ். நம்ம பெயர், அவர்கள் தலையில்.

கிறிஸ்துமஸ் இரவில் சாண்டா மரியா தரைதட்டி உடைந்தது. அதன் பலகைகளைக் கொண்டே ஹிஸ்பானியோலா தீவில் ஒரு கோட்டை கட்டி, 39 பேரை விட்டுவிட்டுக் கிளம்பினார். திரும்பும் வழியில், 1493 பிப்ரவரி 14 அன்று, அசோர்ஸை நெருங்கும்போது கடும் புயல். நீன்யா மூழ்கினால் கண்டது எதுவும் யாருக்கும் தெரியாமல் போய்விடும். அவர் ஒரு தோல்தாளில் எல்லாவற்றையும் எழுதி, மெழுகுத் துணியில் சுற்றி, மரப்பீப்பாயில் அடைத்துக் கடலில் எறிந்தார். என்ன எறிகிறார் என்று மாலுமிகளுக்குச் சொல்லவில்லை. ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்துக்கொண்டார்கள். வாழ்நாள் முழுக்கக் கடல் கொண்டுவந்ததைப் படித்த மனுஷன் முதல்முறையாகக் கடலிடம் ஒன்றைக் கொடுத்து அனுப்பினார். நீன்யா பிழைத்தது. பீப்பாய் இன்றுவரை எங்கும் ஒதுங்கவில்லை.

இதுவரை சாகசக் கதை. இதற்குப் பிறகு உள்ளதைப் பாடப்புத்தகம் வேகமாகத் தாண்டிவிடும்.

1493 நவம்பரில் 17 கப்பல்களோடு திரும்பி வந்தார். கோட்டைக்குச் சற்று முன்னால் ஓர் ஆற்றோரம் அழுகிய பிணங்கள் கிடந்தன. ஒன்றின் கழுத்தில் கயிறு. இன்னொன்றுக்குத் தாடி இருந்தது. அந்தத் தீவு மக்களுக்குத் தாடி கிடையாது. விட்டுப்போன 39 பேரில் ஒருவர்கூட மிஞ்சவில்லை, கோட்டை சாம்பல். அவர்கள் தங்கத்துக்கும் பெண்களுக்கும் செய்த அட்டூழியத்துக்குக் கிடைத்த பதில் அது.

மறு வருஷம் கியூபாவின் கரையோரம் போய்க்கொண்டே இருந்தார். 1494 ஜூன் 12 அன்று, இது தீவு இல்லை, ஆசியப் பெருநிலம் என்று எல்லா மாலுமிகளிடமும் சத்தியம் வாங்கினார். பேச்சு மாறினால் அபராதம், நாக்கு அறுப்பு. இன்னும் சில நாள் ஓட்டியிருந்தால் கியூபாவின் முனை வந்திருக்கும். ரிசல்ட் வரும் முன்னே லேப் ரெக்கார்டை எழுதி, கையெழுத்தும் வாங்கிவிடுவது என்பது இதுதான் மக்கா.

எதிர்பார்த்த தங்கம் கிடைக்கவில்லை. கப்பல் செலவுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். 1495 பிப்ரவரியில் சுமார் 550 தைனோ மக்களை, ஆணும் பெண்ணுமாக, அடிமைகளாகக் கப்பலேற்றி ஸ்பெயினுக்கு அனுப்பினார். மடெய்ரா தாண்டி ஸ்பெயினை நெருங்கும் வழியில் ஏறத்தாழ 200 பேர் செத்தார்கள். உடல்களைக் கடலில் எறிந்தார்கள். மடெய்ராவுக்குப் பக்கத்தில்தான் போர்ட்டோ சாண்டோ. புது மணமகனாக அவர் கதை கேட்டுத் திரிந்த அதே கடல். அகல முகத்தோடு ஒதுங்கிய இரண்டு பிணங்களை வைத்து ஒரு கண்டத்தையே கற்பனை செய்தவர், இந்த 200 பேரை வைத்து என்ன நினைத்தார் என்று தெரிந்துகொள்ள வழியில்லை. அடுத்தடுத்த வருஷங்களிலும் அடிமைகளை அனுப்பினார்.

1498-ல் மூன்றாம் பயணம். இந்த முறை ஆப்பிரிக்காவின் சியரா லியோன் அட்சரேகையைப் பிடித்து மேற்கே போவது என்று திட்டம். அது ஏறக்குறைய நம்ம நாகர்கோவில் அட்சரேகை. காற்றே இல்லாமல் எட்டு நாள் வெயிலில் வெந்தார்கள். ஆகஸ்டில் தென் அமெரிக்காவின் பாரியா வளைகுடாவில் கடல் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தால் நல்ல தண்ணீர். மழை நாளில் மணக்குடிப் பொழியிலோ தேங்காப்பட்டணத்திலோ ஆற்று நீர் கடலுக்கு மேல் கலங்கலாகப் பரவுவதைப் பார்த்திருப்பீர்களே, அதுவே நூறு மடங்கு. இவ்வளவு நன்னீர் தர வேண்டுமென்றால் பெரிய ஆறு வேண்டும், பெரிய ஆற்றுக்குப் பெரிய கண்டம் வேண்டும் என்று சரியாகவே யோசித்தார். ஓரினோகோ ஆற்று நீர்தான் அது. ஒரு கணம் உண்மையைத் தொட்டுவிட்டார். உடனே, இது ஏதேன் தோட்டத்திலிருந்து வரும் ஆறு, பூமி இங்கே பேரிக்காய் மாதிரி புடைத்திருக்கிறது என்று எழுதிவிட்டார். அவர் அங்கே நன்னீர் குடித்த அதே ஆகஸ்டில், வாஸ்கோ ட காமா நிஜ இந்தியாவில், நமக்கு வடக்கே கோழிக்கோட்டில், சாமூதிரியோடு பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

1500-ல் நிர்வாகப் புகார்களுக்காகக் கைது, விலங்கோடு ஸ்பெயின். விடுதலையாகி, 1502-ல் நாலாவது, கடைசிப் பயணம். 13 வயது மகன் ஃபெர்னாண்டோவும் உடன் இருந்தான். தொடக்கத்தில் சொன்ன வரலாற்றை எழுதியது இவன்தான். ஹோண்டுராஸ் பக்கம் குவனாஹா தீவருகே ஒரு படகு எதிரே வந்தது. ஒரே மரத்தைக் குடைந்தது, எட்டடி அகலம், நடுவே ஓலைக் கூரை, துடுப்புப் போட 25 பேர். உள்ளே வண்ணத் துணிகள், செம்புக் கோடாரிகள், மர வாள்கள், காக்காவோ கொட்டைகள். ஒரு கொட்டை கீழே விழுந்தாலும் குனிந்து தேடி எடுத்தார்கள், அது அவர்களுக்குக் காசு. மாயா நாட்டு வணிகப் படகு என்பது இன்று நமக்குத் தெரியும். கட்டை, குச்சி, பாசி, நண்டு என்று எதையெதையோ பிடித்துத் தொங்கியவருக்கு, ஊர்களும் சந்தைகளும் உள்ள ஒரு பெரிய நாகரிகமே மிதந்து எதிரே வந்து நின்றது. பிடித்த சரக்கை எடுத்துக்கொண்டு, வழிகாட்ட ஒரு கிழவரை வைத்துக்கொண்டு, படகை விட்டுவிட்டார். அது வந்த திசையில் போகவில்லை. இந்தியப் பெருங்கடலுக்கு ஒரு நீர்வழி கிழக்கே இருக்க வேண்டும் என்ற கணக்கு மனசில் இருந்தது. அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.

வழி கிடைக்கவில்லை. கப்பல் புழு பலகைகளைச் சல்லடை ஆக்கியது. 1503 ஜூனில் மிஞ்சிய இரண்டு கப்பல்களை ஜமைக்கா கரையில் ஏற்றி நிறுத்தி, அவற்றிலேயே ஒரு வருஷம் குடியிருந்தார். காப்பாற்றியது, அவர் ஆள் டியேகோ மென்டெஸ் உள்ளூர்க்காரர்களோடு சின்ன ஓடத்தில் கடல் கடந்து போய்ச் சொன்ன செய்தி.

1506 மே 20 அன்று ஸ்பெயினின் வயாதோலிதில் இறந்தார். காமா கோழிக்கோட்டுக் கடலில் நங்கூரம் போட்ட நாளுக்குச் சரியாக எட்டு வருஷம் கழித்து. தான் தொட்டது ஆசியா என்ற நினைப்பை அவர் கடைசிவரை விடவில்லை.

எலும்புகள் அங்கேயே இருக்கவில்லை. முதலில் செவிலுக்கு, பிறகு அட்லாண்டிக் கடந்து சாண்டோ டொமிங்கோவுக்கு, 1795-ல் ஹவானாவுக்கு, ஸ்பெயின் கியூபாவை இழந்ததும் மறுபடி செவிலுக்கு. ஆனால் 1877-ல் சாண்டோ டொமிங்கோ தேவாலயத்தில் அவர் பெயர் பொறித்த ஓர் ஈயப்பெட்டி, உள்ளே எலும்புத் துண்டுகளோடு கிடைத்தது. செவில்காரர்கள் மரபணுச் சோதனை செய்து தங்களிடம் உள்ளது அவர்தான் என்கிறார்கள். சாண்டோ டொமிங்கோகாரர்கள் தங்கள் பெட்டியைத் திறக்க இன்னும் சம்மதிக்கவில்லை.